குழுவைப் பதிவு செய்வது எப்போது?



சாமை அறுப்பு முடிந்து களத்தில் நாலு பேர் கூடிவிட்டால், ஜவ்வாது மலையில் என் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன் சார், நாங்க இருபது பேர் குழுவா இருக்கோமே, ரிஜிஸ்டர் பண்ணிடலாமா?" பதிவு எண் வந்தால் மானியமும் பின்னாலேயே வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லீங்க.

குழுவாகச் சேர்ந்து வேலை செய்யப் பதிவு வேண்டியதில்லை. 1956-இல் புனே பக்கம் சுமார் 150 கிராமங்களில் ரேடியோ உழவர் மன்றங்கள் நடந்தன. ஊருக்கு இருபது பேர் வரை கூடி, ரேடியோ கேட்டு, பேசி முடிவெடுத்தார்கள். ஒரு தலைவர், ஒரு செயலர், அவ்வளவுதான். பதிவு பெறாத சுயஉதவிக் குழுவும் வங்கியில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம் என்று 1993-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆக, சேர்ந்து விதை வாங்கவும் சந்தா சேர்க்கவும் தீர்மான நோட்டும் பாஸ்புத்தகமும் போதும்.

அப்போ எப்பத்தான் பதிவு? குழுவுக்கென்று ஒரு சொத்து வரும்போது.

ஒரு சிற்றூரில் எல்லாரும் பணம் போட்டு, சாமைக்கு உமி நீக்கும் எந்திரம் வாங்கினார்கள். பில்லை ஊர்ப் பெரியவர் ஒருவர் பேரில் போட்டார்கள். நாணயமான மனுஷர். அடுத்த மழைக்காலத்தில் அவர் காலமாகிவிட்டார். "பில்லு எங்க அப்பா பேர்ல இருக்குதே" என்றார்கள் மகன்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினை நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் கொட்டகை பூட்டியே கிடந்தது. பெண்கள் மறுபடி உலக்கையைத் தூக்கினார்கள். எந்திரம் வாங்கிய அன்று நானும் கூட இருந்தேன். பில் யார் பேரில் என்று கேட்கத் தோன்றவில்லை.

1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். அந்தச் சட்டத்தில் சொன்ன நோக்கங்களுக்காக நடக்கும் சங்கத்தில் உறுப்பினர் இருபதைத் தொட்டாலோ, வருஷ வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிந்தே ஆகணும். ஆனால் லாபத்தைப் பங்கு பிரிக்கிற வியாபாரத்துக்கு அது ஒத்துவராது. அதற்கு உற்பத்தியாளர் கம்பெனி இருக்கிறது. பத்து விவசாயிகள் போதும்.

அங்கேதான் நான் இன்னொரு தப்பு செய்தேன். முதல் ஊரில் பட்ட சூட்டில், வேறொரு குழுவை அவசரப்படுத்திக் கம்பெனியாக்கினேன். விற்றது ஒரே ஒரு லோடு புளி. விற்றாலும் விற்காவிட்டாலும் ஆடிட்டர் கணக்கு உண்டு, ஆண்டறிக்கை உண்டு. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளைக்கு 100 ரூபாய் ஏறும். மூன்று வருஷம் தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருஷத்துக்குத் தகுதி இழப்பார்கள். "எங்களுக்கு எதுக்கு சார் இந்த வம்பு?" என்று அவர்கள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

2017-18-இல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டம் படிப்படியாகப் போனது. முதலில் இருபது பேர் ஆர்வலர் குழு, ஐந்து குழு சேர்ந்து நூறு பேர் உற்பத்தியாளர் குழு, அதற்குக் கருவி வாங்க 5 லட்சம், பிறகு ஆயிரம் பேர் கம்பெனி. இதில் இருபதிலிருந்து நூறுக்கு ஏறுவதுதான் கஷ்டம் என்பது என் அனுபவம். இருபது பேர் ஒரே ஊர், மாமன் மச்சான். நூறு பேர் என்றால் நாலைந்து ஊர். தராசு மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

அதனால் நான் ஒன்றுதான் கேட்பேன். இரண்டு போகம் சேர்ந்து விற்று, எடைப்படி பணம் பிரித்து, கணக்கைக் கூட்டத்தில் உரக்கப் படித்தீர்களா? நடுவில் செயலர் மாறியும் நோட்டு நிற்காமல் ஓடியதா? ஓடியிருந்தால் தாராளமாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் பொறுங்கள். நம்ம மலையிலேயே பழங்குடி உழவர் உற்பத்தியாளர் கம்பெனி இருக்கிறது. அதில் பங்கு வாங்கிச் சேர்ந்துகொண்டு, ஊரில் குழுவாகவே இருந்துவிடலாம்.

அந்த எந்திரம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஊர்க் கவுண்டர் முன்னால் மகன்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பத்திரம் இப்போது சங்கத்தின் பேரில். சாவி இரண்டு பேரிடம். போன வாரம் போனபோது ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் மட்டும் மாற்றணும்.