எந்த நஷ்டம் யாருடையது?

கூரையும் கணக்கும் – பகுதி 14

அமெரிக்காவின் மொபைல் ஹோம் பார்க்குகளைச் சென்ற வாரம் பார்த்தோம். வீடு ஒருவருக்குச் சொந்தம், அது நிற்கும் மனை இன்னொருவருக்குச் சொந்தம். இந்தப் பார்க்குகளில் பழைய வீடுகளைப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் டாலருக்கு வாங்கி, பழுது பார்த்து வாடகைக்கு விடும் சிறு முதலீட்டாளர்கள் ஏராளம். அப்படி வாங்கியதைத் தவணைக்கு விற்பவர்களும் உண்டு. அந்த வித்தையை லோனி ஸ்க்ரக்ஸ் என்பவர் புத்தகமாக எழுத, ‘லோனி டீல்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

வீட்டை வாங்குவது சுலபம். அதற்கு மலிவான காப்பீடு கிடைப்பதுதான் பாடு.

பெரிய கம்பெனிகளின் வழக்கமான வீட்டுப் பாலிசி, அஸ்திவாரத்தின் மேல் நிற்கிற, உரிமையாளரே குடியிருக்கிற வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மொபைல் ஹோம் முதலீடு இந்த இரண்டிலுமே இடறுகிறது. பார்க்கில் நிற்கும் வீடு பல மாநிலங்களில் அசையும் சொத்து. நம் ஊர் வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் போல அதற்கு ஒரு ‘டைட்டில்’ உண்டு. பல இடங்களில் அதைக் கொடுப்பதே மோட்டார் வாகனத் துறைதான். முதலீட்டாளரோ அந்த வீட்டில் ஒரு நாள்கூடக் குடியிருப்பதில்லை.

ஆகவே இந்தச் சந்தை பெரும்பாலும் சிறப்பு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 1952-ல் மொபைல் ஹோம் காப்பீட்டுக்கென்றே தொடங்கப்பட்ட ஃபோர்மோஸ்ட், 2000-லிருந்து ஃபார்மர்ஸ் குழுமத்தில் இருக்கிறது. ஓஹையோவின் அமெரிக்கன் மாடர்ன் 2008-லிருந்து மியூனிக் ரீ வசம். ஒரே கம்பெனியின் பாலிசியை மட்டும் விற்கும் ஏஜென்டிடம் போனால் ஒரே விலைதான் கிடைக்கும். பல கம்பெனிகளுக்கும் எழுதும் சுயேச்சை ஏஜென்டைப் பிடிப்பது முதல் வேலை. அவர் மூன்று கேள்விகள் கேட்பார். விலை அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

எந்த வருடத்து வீடு?

1976 ஜூன் 15 இந்தத் தொழிலின் எல்லைக்கோடு. 1974-ல் நிறைவேறிய சட்டத்தின்படி மத்திய வீட்டுவசதித் துறையான ‘ஹட்’ வகுத்த கட்டுமான விதிகள் அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. அதன் பிறகு தயாரான வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் வெளிப்புறத்தில் ஒரு சிவப்பு உலோகத் தகடு இருக்கும். உள்ளே சமையலறை அலமாரியிலோ மின் பெட்டிக்குப் பக்கத்திலோ ஒரு விவரத் தாள் ஒட்டியிருக்கும். தயாரித்த தேதி, வரிசை எண், எந்தக் காற்று மண்டலத்துக்காகக் கட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் உண்டு.

1976-க்கு முந்தைய வீடு என்றால் பல கம்பெனிகள் அங்கேயே கையை விரித்துவிடும். 1994 இன்னொரு கோடு. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தென் ஃப்ளோரிடாவில் மொபைல் ஹோம்களைத் துடைத்தெடுத்தது. அதைப் பார்த்து, காற்று பலமாக அடிக்கும் பகுதிகளுக்கான விதிகளை ஹட் இறுக்கியது. 1994 ஜூலையில் அவை அமலுக்கு வந்தன. வீடு வாங்கும்போதே அந்தத் தாளையும் தகட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்பவருக்கு ஏஜென்டிடம் பாதி வேலை முடிந்தது.

எதைப் பிடித்து நிற்கிறது?

மண்ணில் திருகி இறக்கிய இரும்பு நங்கூரங்கள், அவற்றிலிருந்து வீட்டின் அடிச்சட்டத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகுப் பட்டைகள். இவை இல்லாத வீட்டைப் பல கம்பெனிகள் தொடுவதில்லை. அதோடு அடிப்பாகத்தைச் சுற்றி அடைத்த ஸ்கர்ட்டிங், படிக்கட்டுக்குக் கைப்பிடி, கூரையின் வயது, விறகு அடுப்பு உண்டா என்பதையும் பார்ப்பார்கள். படியில் கைப்பிடி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகவும் விண்ணப்பம் திரும்பி வரலாம். சில நூறு டாலர் செலவில் முடியும் வேலைகளை முடித்துவிட்டு, பிறகு விலை கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

உள்ளே யார்?

வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால் வாடகை வீட்டுப் பாலிசி வேண்டும். உரிமையாளர் குடியிருப்பதாகச் சொல்லி மலிவாக வாங்கியது க்ளெய்ம் நேரத்தில் காலை வாரிவிடும். வீடு காலியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 30 அல்லது 60 நாள் தாண்டிக் காலியாக நின்றால், விஷமிகள் உடைத்ததற்கு இழப்பீடு இல்லை என்கிற மாதிரி நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. பழுது பார்க்கும் மாதங்களில்தான் செப்புக் குழாய்கள் திருடு போகின்றன, குளிரில் தண்ணீர்க் குழாய்கள் வெடிக்கின்றன என்பது முதலீட்டாளர்களுக்குத் தெரியும். அந்த மாதங்களுக்கென்று காலி வீட்டுப் பாலிசி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

தவணைக்கு விற்றுவிட்டால் பாலிசி எடுப்பது வாங்கியவர் பொறுப்பு. ஆனால் கடன் கொடுத்தவர் என்ற முறையில் விற்றவர் பெயரும் அதில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், வீடு எரிந்தாலும் காசோலை வாங்கியவர் பெயருக்கு மட்டும் போகும்; பிரீமியம் கட்டாமல் விட்டாலும் விற்றவருக்குத் தகவல் வராது.

எதைக் குறைக்கலாம்?

மூன்று பதில்களும் தயார். இனி நம் முறை. வாங்கிய விலை 15,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் கழித்துத் தரும் பாலிசிதான் மலிவு. கூரை சேதமாகி, மாற்ற 6,000 டாலர் ஆகிறது. கூரை பழசு என்று 4,000 கழிக்கிறார்கள். நாமே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் 1,000. கைக்கு வருவது 1,000. இந்த ஆயிரத்துக்காகவா வருடாவருடம் பிரீமியம் என்று கேட்பது நியாயமான கேள்வி. டிடக்டிபிளை உயர்த்தலாம். முழு நஷ்டத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடிக்கும் பாலிசி கிடைத்தால் அதை எடுக்கலாம். கையில் பணம் இருப்பவர் வீட்டுக்கான காப்பீட்டையே விட்டுவிடலாம். போனால் அதிகபட்சம் 15,000.

விடக்கூடாதது பொறுப்புக் காப்பீடு. அழுகிய தரைப் பலகை உடைந்து வாடகைதாரரின் விருந்தாளி கீழே விழுந்தால் வரும் வழக்குக்கு வீட்டின் விலை வரம்பு கிடையாது. 1,00,000 அல்லது 3,00,000 டாலர் வரை ஈடு செய்யும் பொறுப்புக் காப்பீடு, வீட்டுக்கான காப்பீட்டோடு ஒப்பிட்டால் பொதுவாக மலிவு. டைட்டில் ஒரு எல்.எல்.சி. பெயரில் இருந்தால் பாலிசியும் அதே பெயரில் இருக்க வேண்டும்.

இடிபாடு அகற்றும் செலவையும் மறக்கக் கூடாது. வீடு எரிந்தபின் பார்க் உரிமையாளர் மனையைக் காலி செய்து தரச் சொல்வார். அந்தச் செலவு ஆயிரக்கணக்கில் போகும். வெள்ளமும் பெரும்பாலான பாலிசிகளில் சேராது. 1968-ல் தொடங்கிய மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டை வாங்கினாலும், பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது செல்லும். புயல் கிளம்பிய பிறகு போய்ப் பயனில்லை.

இத்தனையும் ஒரு வீட்டுக் கணக்கு. அதே பார்க்கில் பத்து வீடுகள் வாங்கியவருக்குக் கணக்கு மாறுகிறது. தீ ஒரு வீட்டோடு நிற்கலாம். காற்று பத்தையும் சேர்த்து அடிக்கும். 15,000 தாங்குகிறவர் ஒரே இரவில் 1,50,000 தாங்குவாரா? பத்தையும் ஒரே பாலிசியில் பட்டியலிட்டு வாங்கினால் பேரம் பேச வழி உண்டு. ஆனால் காற்றுச் சேதத்துக்கான டிடக்டிபிள் சதவீதக் கணக்கில் இருந்தால், அது பொதுவாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கழியும். எனவே வீடுகளை வெவ்வேறு ஊர்களில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்கான பிரீமியத்தை முணுமுணுக்காமல் கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்காரர் துணிந்து விடக்கூடிய காப்பீட்டைப் பத்து வீட்டுக்காரர் விட முடியாது.

(தொடரும்)

அடுத்த வாரம்: தனியார் கம்பெனிகள் விலகிய ஃப்ளோரிடாவில், 2002-ல் பிறந்த ‘சிட்டிசன்ஸ்’ காப்பீட்டுக் கழகத்தின் கதை.