அதே வேலை, புதிய முதலாளி: ஓய்வூதியம் என்னாகும்?

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகம் அரசின் சொத்து. ஆனால் 1943 முதல் அதை ஒப்பந்தத்தில் நடத்தியது கலிபோர்னியா பல்கலைக்கழகம். ஊழியர்களின் ஓய்வூதியமும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே இருந்தது.

2006 ஜூன் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பெக்டெல் முதலான நிறுவனங்களும் அதே பல்கலைக்கழகமும் கூட்டாக அமைத்த புதிய நிறுவனம் பொறுப்பேற்றது. நாற்காலி மாறவில்லை, முதலாளி மாறிவிட்டார்.

ஊழியர்கள் திணறியது இங்கேதான். பணிக்காலத்தைப் புதிய நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றுவதா? பழைய ஓய்வூதியத்தைப் பல்கலைக்கழகத்திலேயே விட்டுவிட்டு, பங்குச்சந்தையை நம்பிய சேமிப்புத் திட்டத்தில் சேர்வதா? முதல் வழியில் பணிக்காலம் தொடரும். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெரிய நிதியை விட்டு, புதிய நிறுவனத்தின் நிதியை நம்ப வேண்டும். இரண்டாவது வழியில் சந்தையின் நட்டம் ஊழியர் தலையில் விழும். இதை எண்ணி முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களும் உண்டு.

ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும் தப்பவில்லை. அதே பல்கலைக்கழகம் நடத்திவந்த லிவர்மோர் அணு ஆய்வகமும் 2007இல் கைமாறியதையடுத்து, அங்கே ஓய்வு பெற்றிருந்தவர்களின் மருத்துவக் காப்பீடு அந்த ஆய்வகத்தின் புதிய நிர்வாக நிறுவனத்திடம் போனது. வாழ்நாள் முழுவதும் தருவதாகச் சொன்ன சலுகை இது என்று 2010இல் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் 8.45 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. முதியவர்கள் ஏறக்குறைய பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது பெரும் அநீதி.

லாஸ் அலமோஸில் 2018 நவம்பரில் ஒப்பந்தம் மீண்டும் கைமாறியது.