மண்ணுக்குள் முளைக்கும் மணிலா

செஞ்சி வட்டாரத்தில் ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைக்கும் மணிலா, ஐப்பசியில் பிடுங்கலுக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அந்த மாதத்தில்தான். முற்றிய காய் மண்ணுக்குள் இருக்கும்போது நான்கு நாள் விடாமல் பெய்துவிட்டால், பிடுங்கும்போதே காயின் மூக்கைப் பிளந்துகொண்டு வெள்ளை முளை நிற்கும். விற்பனைக்கூடத்தில் அந்த மல்லாட்டைக்கு நல்ல விலை கேட்க முடியாது. ஆனால் அதே மழையில் நனைந்த கொடி ரக மணிலா முளைக்காமல் கிடக்கும். மண்ணும் மழையும் ஒன்றாயிருக்க இந்த வேறுபாடு ஏன்?

காய் முற்றிவிட்டாலும், செடியைப் பிடுங்கிவிட்டாலும் பருப்பு உயிருள்ள பொருளே என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். நீலகிரியில் பறித்த தேயிலைக் கொழுந்தை வாட்டும்போது, அதன் ஈரம் குறையக் குறைய அதற்குள் ஊக்கிகளின் அளவு மாறுகிறது. மணம் தரும் பொருள்களும் உண்டாகின்றன. தேயிலைத் தொழிலில் அந்த மாற்றத்தை விரும்பியே செய்கிறார்கள். மணிலா பயிரிடும் நமக்கோ மாற்றம் நடக்காமல் நிறுத்துவதே இலாபம்.

விதையை உறங்க வைப்பதும் எழுப்புவதும் பயிர் ஊக்கிகள் எனப்படும் ஹார்மோன்கள். அப்சிசிக் அமிலம் உறங்க வைக்கிறது. எத்திலீன் என்னும் வாயு எழுப்புகிறது. வாழைத்தாரைப் பழுக்க வைப்பதும் இதே எத்திலீன்தான். முளைக்கும் மணிலா விதை தானே எத்திலீனை வெளியிடுகிறது என்றும், அந்த வாயு பட்டால் உறங்கும் கொடி ரக விதையும் விழித்துக்கொள்கிறது என்றும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கெட்ரிங், மார்கன் இருவரும் 1969-இல் எடுத்துக்காட்டினார்கள்.

திண்டிவனத்தில் உருவாகி 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 போன்ற கொத்து ரகங்களுக்கு இந்த உறக்கம் இல்லை என்றே சொல்லலாம். முற்றியதும் ஈரம் கிடைத்தால் போதும், முளைத்துவிடும். கொடி ரகங்களோ பிடுங்கிய பின்னும் பல வாரங்கள் உறங்கும். ஒரே காய்க்குள்ளும் வேறுபாடு உண்டு. கொடி ரகத்தில் இரண்டு பருப்புள்ள காயை உடைத்துப் பாருங்கள். காம்புப் பக்கத்துப் பருப்பு ஆழ்ந்து உறங்கும். மூக்குப் பக்கத்துப் பருப்பு முந்தி முளைக்கும்.

முளை எட்டிப் பார்த்த பருப்பில் எண்ணெய் சிதையத் தொடங்குகிறது. மணிலாப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். லைப்பேஸ் என்னும் நொதி அதைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கிறது. அவற்றிலிருந்து இளஞ்செடிக்கு வேண்டிய சர்க்கரை உண்டாகிறது. செடிக்கு அது தாய்ப்பால், செக்குக்கு நட்டம். எண்ணெய் குறைவதோடு விரைவில் சிக்கும் அடிக்கும்.

ஆகவே கொத்து ரகம் போட்டவர்கள் நாள் கணக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நூறாம் நாளை நெருங்கும்போது நாலைந்து இடங்களில் செடியைப் பிடுங்கி ஓட்டை உடைத்துப் பாருங்கள். முக்கால் பங்கு காய்களில் ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தால் பிடுங்கலாம். மழைக்குறி தெரிந்தால் அதற்குமேல் ஒரு நாளும் தள்ள வேண்டாம். பிடுங்கிய செடியை ஈரத்தோடு போர் போடுவது பெருந்தவறு. குவியலுக்குள் பருப்பு மூச்சு விடுவதால் சூடு ஏறும், எத்திலீனும் தங்கும், ஈரமும் வெளியேறாது. ஆள் கிடைக்காமல் அன்றே காய் ஆய முடியாவிட்டால், காய்கள் மேலே பார்க்கச் செடிகளைத் தலைகீழாகப் பரப்பி வையுங்கள்.

பிடுங்கும்போது பருப்பில் நூற்றுக்கு 35 பங்குக்கு மேல் ஈரம் இருக்கும். அதை 8 அல்லது 9 பங்குக்குக் குறைத்தால் முளைப்பும் நிற்கும், பூசணமும் அடங்கும். ஆஸ்பர்ஜில்லஸ் பூசணம் உண்டாக்கும் அஃபிளாடாக்சின் நஞ்சைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குத் தீவனத்திலிருந்த மணிலாப் பிண்ணாக்கே காரணம். இந்த நஞ்சு சமைத்தாலும் முழுதும் போகாது. பிண்ணாக்கு தின்ற மாட்டின் பாலிலும் இறங்கும். முளைத்த காயையும் உடைந்த காயையும் நல்ல காயோடு கலக்காமல் பொறுக்கிவிடுங்கள். செஞ்சிக் கோட்டைக் களஞ்சியங்களின் தடித்த சுவரை வியந்து பார்க்கிறோம். ஈரத்தோடு உள்ளே போன தானியத்தை அந்தச் சுவரும் காப்பாற்றியிருக்காது.

கொடி ரகக்காரர்களுக்குத் தொல்லை வேறு விதம். பிடுங்கிய விதையை உடனே அடுத்த பட்டத்துக்குப் போட்டால் பாதி முளைக்காமல் வயல் பொக்கையாகும். பல வாரம் காயாகவே வைத்திருந்தால் உறக்கம் தானே கலையும். அவசரமானால் எத்திலீனை விடுவிக்கும் எத்ரல் மருந்தால் விதையை நேர்த்தி செய்யலாம். அளவை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ரகமானாலும் விதைக்கு முன் நூறு பருப்பை ஈர மணலில் ஊன்றி, பத்து நாளில் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுங்கள். விதைக்கான காயை முன்கூட்டியே உடைத்து வைக்காமல், விதைப்புக்குச் சில நாள் முன்பு உடைத்தால் போதும்.