நாற்பது பேரில் தொடங்கிய சபை

ஒரு சின்ன சபை எப்படி வளர்ந்ததுன்னு சொல்றேன், படியுங்க.

1780-ல் பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர்தான். அதில் ஒருவர் குளோரிந்தா. பிராமணக் குடும்பத்தில் பிறந்த விதவை. 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1785-ல் அங்கே ஒரு கோயில் கட்டினார். ஊர் மக்கள் அதைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே சொல்றாங்க.

பிறகு சபை கிராமங்களுக்குப் பரவியது. 1799-ல் கிறிஸ்தவர்கள் தனியாகக் குடியேறிய முதல் ஊர்தான் முதலூர். 1896-ல் திருநெல்வேலி தனி ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) மண்டலம் ஆனது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது.

விதவை எதிரே வந்தாலே சகுனம் சரியில்லை என்ற காலத்தில், ஒரு விதவைதான் முன்னே நின்று கோயில் கட்டினார். இன்றும் கல்யாண வீட்டில் அவங்களை ஓரமா உட்கார வைக்கிறோமே, சரியா? யோசியுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி