உஷார்! ‘அதிகாரிகளின் பாதுகாப்பு’ என்ற பெயரில் அழிகிறது ஆதாரம்

தீவிரவாதிகள் என்று சந்தேகித்துப் பிடித்தவர்களை உளவுத்துறை அதிகாரிகள் சித்திரவதை செய்தார்கள் என்று பத்திரிகையில் செய்தி வரும். மறுநாளே எதிர்க்குரல் கிளம்பும்: ‘இப்படி அம்பலப்படுத்தி அதிகாரிகளின் உயிருக்கு உலை வைக்கிறார்களே!’ அந்தக் குரல் காதில் விழுந்த கணமே உஷாராகிவிடுங்கள். சில சமயம் அதில் நியாயம் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் சி.ஐ.ஏ. விவகாரத்தில் இதே காரணத்தைச் சொல்லித்தான் வீடியோக்களை அழித்தார்கள், அறிக்கைகளில் கறுப்பு மை பூசினார்கள், தப்பு செய்தவர்களுக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

வீடியோக்களிலிருந்தே தொடங்குவோம். 2002-ல் தாய்லாந்தில் சி.ஐ.ஏ. ஒரு ரகசியச் சிறை நடத்தியது. அங்கே அடைக்கப்பட்ட முதல் கைதி அபு சுபைதா. அந்த ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் அவருக்கு 83 முறை வாட்டர்போர்டிங் செய்தார்கள். ஆளைப் பலகையில் கட்டி, தலையைத் தாழ்த்தி, முகத்தில் துணியைப் போட்டு, அதன் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். மூச்சு முட்டும், தண்ணீரில் மூழ்கிச் சாகிறோம் என்றே உடம்பு நம்பிவிடும். இந்த விசாரணைகளையெல்லாம் அவர்களே படம் பிடித்தும் வைத்தார்கள். மொத்தம் 92 டேப்புகள்.

2005 நவம்பர் 2-ஆம் தேதி ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபர் டானா பிரீஸ்ட், சி.ஐ.ஏ. பல நாடுகளில் ரகசியச் சிறைகள் நடத்துவதை உலகுக்குச் சொன்னார். அதிகாரிகள் கேட்டுக்கொண்டதற்காக, கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் பெயர்களை அந்தப் பத்திரிகை வெளியிடாமல் விட்டது. அவ்வளவு அடக்கி வாசித்தும் என்ன நடந்தது? ஒரே வாரத்தில் அத்தனை டேப்புகளும் அழிக்கப்பட்டன. உத்தரவு போட்டவர் ரகசிய நடவடிக்கைப் பிரிவின் தலைவர் ஹோசே ரோட்ரிகெஸ். அவர் சொன்ன காரணம், டேப்புகளில் தெரியும் அதிகாரிகளின் முகம் வெளியே வந்தால் அல்கொய்தா பழிவாங்கும் என்பது. முகத்தை மட்டும் மறைத்துவிட்டு டேப்பைப் பத்திரப்படுத்த வழியா இல்லை? டேப்புகள் அழிந்த சங்கதியையே 2007 டிசம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ சொல்லித்தான் ஊர் அறிந்தது. வருஷக்கணக்கில் விசாரணை நடந்தது. 2010-ல், யார் மீதும் வழக்கு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அடுத்தது கறுப்பு மை. அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் கமிட்டி பல வருஷம் உழைத்து 6,700 பக்கங்களுக்கு மேல் ஓர் அறிக்கை தயாரித்தது. 2014 டிசம்பரில் அதன் சுருக்கம் மட்டும், சுமார் 500 பக்கம், வெளியானது. 119 பேரைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்றும், அவர்களில் குறைந்தது 26 பேரைப் பிடிக்க சி.ஐ.ஏ.வின் சொந்த விதிப்படியே முகாந்திரம் இல்லை என்றும் அது சொன்னது. சொந்தப் பெயர் வேண்டாம், அதிகாரிகளுக்குப் புனைபெயராவது இருக்கட்டும் என்று கமிட்டி மன்றாடியது. சி.ஐ.ஏ. அதற்கும் மசியவில்லை. விளைவு என்ன தெரியுமா? 50-ஆம் பக்கத்தில் ஒரு தப்பைச் செய்தவரும் 300-ஆம் பக்கத்தில் இன்னொன்றைச் செய்தவரும் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா என்று படிப்பவருக்குத் தெரியவே தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே கறுப்புக் கட்டம்.

பத்திரிகைக்காரர்கள் விடாமல் தோண்டியதால்தான் அந்தக் கட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு தெரிந்தது. காலித் எல்-மஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகனை 2003-ன் கடைசி நாளில் மாசிடோனியா எல்லையில் பிடித்தார்கள். தேடப்பட்ட வேறொருவரின் பெயரும் அவர் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். ஆப்கானிஸ்தானுக்குத் தூக்கிப்போய் நான்கு மாதத்துக்கு மேல் அடைத்தார்கள். ஆள் மாறிப்போனது தெரிந்த பிறகும் உடனே விடவில்லை. கடைசியில் 2004 மே மாதம் அல்பேனியாவில் ஒரு மலைச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவரைப் பிடித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்திய அதிகாரி தண்டிக்கப்படவில்லை, பதவி உயர்ந்தார் என்பதை 2011-ல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டு வந்தது. அறிக்கையின் பல பக்கங்களில் வெவ்வேறு தவறுகளில் திரும்பத் திரும்ப வருவது அதே அதிகாரிதான் என்று 2014-ல் ‘நியூயார்க்கர்’ எழுத்தாளர் ஜேன் மேயர் சுட்டிக்காட்டினார். மை பூசியது யாரைக் காப்பாற்ற? தலைமறைவாக வேலை பார்க்கும் ஒற்றனையா, தொடர்ந்து தப்பு செய்து தொடர்ந்து மேலே போன ஓர் அதிகாரியின் பதவியையா?

பெயர் மறைப்பு அதிகாரிகளோடும் நிற்கவில்லை. 2002 நவம்பரில் காபூலுக்கு அருகே ‘உப்புக் குழி’ என்று அவர்களே பெயர் வைத்த சிறையில் குல் ரஹ்மான் என்ற ஆப்கானியர் செத்துப்போனார். இடுப்புக்குக் கீழே ஒட்டுத்துணி கிடையாது. எழுந்து நிற்க முடியாதபடி சங்கிலியைச் சுவரோடு குட்டையாகப் பூட்டி, வெறும் கான்கிரீட் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். மறுநாள் காலை பிணமாகக் கிடந்தார். குளிரில் விறைத்துச் செத்திருக்கிறார். சிறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அனுபவமே இல்லாத இளநிலை அதிகாரி. நான்கு மாதம் கழித்து அவருக்கு ‘சிறப்பான பணி’க்காக 2,500 டாலர் ரொக்கப் பரிசு சிபாரிசானது! செத்தவர் பெயர் குல் ரஹ்மான் என்பதே 2010 மார்ச்சில் அசோசியேட்டட் பிரஸ் எழுதிய பிறகுதான் வெளியுலகுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு மேல் அந்தச் சாவுக்குப் பெயரே இல்லை.

சரி, சிறைக்குப் போனது யார்? ஆப்கானிஸ்தானில் ஒரு கைதியை அடித்து உதைத்ததாக டேவிட் பசாரோ என்ற ஒப்பந்த ஊழியர் குற்றவாளி என்று 2006-ல் தீர்ப்பாயிற்று. நிரந்தரப் பணியில் இருந்த அதிகாரி ஒருவர்கூட அமெரிக்க கோர்ட்டில் கூண்டு ஏறவில்லை. அதேசமயம் ஜான் கிரியாகு சிறைக்குப் போனார். 2007-ல் டி.வி. பேட்டியில் வாட்டர்போர்டிங் நடந்ததை வெளிப்படையாகச் சொன்ன முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி அவர். ரகசியமாகப் பணியாற்றிய ஒருவரின் பெயரை நிருபர் ஒருவரிடம் சொன்னதாக ஒப்புக்கொண்டு, 2013-ல் 30 மாதத் தண்டனை பெற்றார். பெயர் சொன்னது சட்டப்படி குற்றம்தான், மறுக்கவில்லை. அந்தச் சட்டம் வந்ததற்கும் காரணம் உண்டு. பத்திரிகைகளில் பெயர் அடிபட்ட சி.ஐ.ஏ. அதிகாரி ரிச்சர்ட் வெல்ச், 1975-ல் ஏதென்ஸில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆபத்து நிஜம். ஆனால் பெயரைச் சொன்னவருக்குச் சிறை, குல் ரஹ்மானைக் குளிரில் சாகவிட்டவருக்குப் பரிசுச் சிபாரிசு என்றால் வயிறு எரிகிறது.

அம்பலப்படுத்தும் பக்கத்திலும் உஷாராக இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘புரோபப்ளிகா’ என்ற மதிப்புமிக்க நிறுவனம் 2017-ல், அபு சுபைதாவின் வாட்டர்போர்டிங்கை மேற்பார்வையிட்டவர் சி.ஐ.ஏ. அதிகாரி ஜினா ஹாஸ்பெல் என்று எழுதியது. அடுத்த வருஷம் அவரை சி.ஐ.ஏ. தலைவராக முன்மொழிந்தபோது, அது தவறு, அவர் தாய்லாந்துச் சிறைப் பொறுப்புக்கு வந்தது அதற்குப் பிறகுதான் என்று திருத்தம் போட்டது. அந்த ஒரு பிழை அவருடைய ஆதரவாளர்கள் கையில் கேடயமாகிவிட்டது. டேப்புகளை அழிக்கச் சொன்ன உத்தரவை எழுதிக் கொடுத்தவர் அவர்தான் என்ற மறுக்கமுடியாத உண்மை பின்னுக்குப் போனது. 2018 மே மாதம் 54-க்கு 45 ஓட்டில் தலைவரும் ஆனார். ஆகவே உறுதி செய்யாத பெயரையோ போட்டோவையோ தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். அப்பாவி ஒருவர் மாட்டுவார், நிஜமான ஆள் தப்பிப்பார். எந்த ஆவணத்தில் இருக்கிறது, எந்த கோர்ட்டில் வந்தது, எந்த நிருபர் தன் பெயர் போட்டு எழுதினார் என்று பாருங்கள்.

பழைய கதையை ஏன் இப்போது கிளறவேண்டும் என்று நினைக்காதீர்கள். வாட்டர்போர்டிங்கைத் திரும்பக் கொண்டுவருவேன், அதைவிடக் கடுமையானதையும் செய்வேன் என்று 2016-ல் பிரசாரம் செய்த டிரம்ப் இரண்டு முறை ஜனாதிபதி ஆகிவிட்டார். போலந்தில் ரகசியச் சிறை இருந்ததை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பாக எழுதிவிட்டது. 2022 மார்ச்சில் அபு சுபைதாவின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, அந்தச் சிறை இருந்ததா இல்லையா என்று அரசு சொல்லத் தேவையில்லை, அது அரசு ரகசியம் என்றது. அந்த வழக்கின் பெயரிலேயே இருக்கும் அபு சுபைதா 2006 முதல் குவாண்டனாமோ சிறையில் இருக்கிறார். அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை.

அந்த 6,700 பக்க முழு அறிக்கையின் கதி இன்னும் மோசம். 2015-ல் செனட் கமிட்டிக்குத் தலைவராக வந்த ரிச்சர்ட் பர், எல்லா இலாகாக்களும் பிரதிகளைத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டார். சி.ஐ.ஏ.வின் உள் தணிக்கை அலுவலகம் தன்னிடமிருந்த பிரதியைத் ‘தவறுதலாக’ அழித்துவிட்டதாக 2016-ல் செய்தி வந்தது. 2017-ல் பல இலாகாக்கள் திருப்பிக் கொடுக்கவும் செய்தன. பதவி முடியும் தறுவாயில் ஒபாமா ஒரு பிரதியைத் தன் அரசாங்க ஆவணங்களோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அதையும் 12 வருஷத்துக்கு, அதாவது 2029 வரை, வெளியிடலாமா என்று பரிசீலிக்கக்கூட முடியாது.