ஒரு நாளைக்கு எத்தனை பேர்?

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பெண் ஆயுர்வேத தெரபிஸ்ட் படிப்பை இப்போதுதான் முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு மூன்று இடங்களிலிருந்து வேலை வருகிறது. உள்ளூர் ஆயுர்வேத மருத்துவமனையில் மாதம் 14,000 ரூபாய் சம்பளம், தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருகிறார்கள். சென்னையில் ஒரு ஸ்பா 20,000 ரூபாயும் இன்சென்டிவும் தருவதாகச் சொல்கிறது. துபாய்க்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 2,000 திர்ஹாம் என்கிறார். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. பெரிய தொகை எதுவோ அதற்குத்தான் எல்லோருடைய ஓட்டும்.

மூன்று ஆஃபர்களிலும் முக்கியமான ஓர் எண் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும்? அனுபவமுள்ள தெரபிஸ்டுகள் புது இடத்தைப் பற்றி விசாரிக்கும்போது, “அக்கா, அங்க ஒரு நாளைக்கு எத்தனை போடணும்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். சம்பளத்தைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் வரும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருத்துவமனையில் நாளுக்கு மூன்று சிகிச்சை என்றால், 26 நாள் வேலைக்கு 78. சம்பளத்தை வகுத்தால் சிகிச்சைக்கு ஏறக்குறைய 180 ரூபாய். சென்னை ஸ்பாவில் நாளுக்கு ஆறு என்றால் மாதம் 156. சிகிச்சைக்கு 128 ரூபாய்தான் வருகிறது. சென்னையில் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் 8,000 ரூபாயை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 77 ரூபாய். இன்சென்டிவ் இந்தப் பள்ளத்தை நிரப்பும் என்று மேனேஜர் சொல்லலாம். அது எதற்குத் தரப்படுகிறது என்று கேளுங்கள். பேக்கேஜ், மெம்பர்ஷிப் விற்றால் மட்டும்தான் என்றால், நீங்கள் படித்த தொழிலுக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை.

நாளுக்கு ஆறு சிகிச்சை உடம்பை என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். உடல் முழுக்க எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு மணி நேர அப்யங்கம் முடிந்ததும் மேசையில் வழிந்த எண்ணெயைத் துடைக்க வேண்டும், விரிப்பை மாற்ற வேண்டும், அடுத்தவருக்கு எண்ணெய் சூடாக்க வேண்டும். அதற்கே கால் மணி, இருபது நிமிடம் போய்விடும். எட்டு மணி நேர ஷிப்டில் உட்கார ஓர் இடைவெளி கிடைக்காது. இந்தத் தொழிலில் முதலில் அடிவாங்குவது கட்டைவிரலின் அடி மூட்டும் மணிக்கட்டும். இருபத்திரண்டு வயதில் வலி தெரியாது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். சில ஆண்டுகள் போனபின் காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அது தெரியும். விரலால் அழுத்தாமல் முன்னங்கையாலும் உடல் எடையாலும் அழுத்தக் கற்றுக்கொண்டவர்களின் கைகள் நீண்ட காலம் தாங்கும். அப்படிக் கற்றுத்தர ஒரு மூத்த தெரபிஸ்ட் இருக்கும் இடம், முதல் வேலைக்கு நல்ல இடம்.

ஆயுர்வேத முறைப்படி அப்யங்கத்தை இருவர் செய்வது வழக்கம். மேசையின் இரு பக்கமும் நின்று, ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் கைகள் போக வேண்டும். சூடான எண்ணெயை உடம்பின் மேல் பிழிந்துவிடும் பிழிச்சலுக்கு ஆள் இன்னும் கூடுதலாகத் தேவை, ஏனென்றால் ஆறும் எண்ணெயை எடுத்து மறுபடி சூடாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைக்கும் இடங்கள் இதையெல்லாம் ஒருவர் தலையில் கட்டிவிடுகின்றன. ஆகவே கேள்வியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை சிகிச்சை, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் சேர்ந்து செய்வது என்று முழுதாகக் கேட்க வேண்டும்.

நேர்முகத் தேர்வில் டெமோ கேட்பார்கள். அவர்கள் உங்களைப் பார்க்கும் நேரத்தில் நீங்களும் அந்த இடத்தைப் பார்த்துவிடலாம். மேசை அருகே நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். விரல் முட்டி மேசையின் மேல்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் உயரம் சரி. சிகிச்சைக்குப் படுக்கவைக்கும் கனமான மரத் தோணி உயரமாக இருந்து, நீங்கள் குள்ளமாக இருந்தால், நிற்க ஒரு பலகை உண்டா என்று கேளுங்கள். தோளை உயர்த்திக்கொண்டே ஆண்டு முழுவதும் வேலை செய்ய முடியாது. கிழி எனும் மூலிகைப் பொட்டலத்தைச் சூடாக்கும் அடுப்பு எங்கே இருக்கிறது, காற்றோட்டம் உண்டா என்றும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் கிழியை உங்கள் புறங்கையில் ஒற்றிச் சூடு பார்த்த பிறகுதான் நோயாளியின் உடம்பில் வைப்பீர்கள். அந்தச் சூடு நாள் முழுக்க உங்கள் கையில்தான் விழுகிறது. டெமோ என்ற பெயரில் நாலைந்து நாள் சம்பளமில்லாமல் வேலை வாங்கும் இடமாக இருந்தால், அங்கேயே முடிவு எடுத்துவிடலாம்.

பெண்கள் தயங்காமல் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்ற நடைமுறை இங்கே இருக்கிறதா? நல்ல ஆயுர்வேத நிலையங்கள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. கஸ்டமர் தவறாக நடந்தால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வர உங்களுக்கு அனுமதி உண்டா, அப்போது நிர்வாகம் யார் பக்கம் நிற்கும் என்றும் கேளுங்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும், சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கும் மேனேஜரிடம் வேலைக்குச் சேராதீர்கள். கேமரா எங்கெங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஸ்பாவுக்குள் சிசிடிவி வைப்பது உடல்சார்ந்த அந்தரங்கத்தை மீறும் என்று 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் சென்னையில் வேறொரு நீதிபதி கேமரா வைக்கச் சொல்லியிருந்தார். வரவேற்பறையில் இருந்தால் உங்களுக்கும் நல்லதுதான். சிகிச்சை அறைக்குள் அதற்கு வேலையில்லை.

இஎஸ்ஐ உண்டா என்ற கேள்வி சிறியதாகத் தெரியும். கையை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அது பெரியது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு அது பொருந்தும். 14,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். முதலாளி 455 ரூபாய் கட்ட வேண்டும். மணிக்கட்டு வீங்கி வேலைக்குப் போக முடியாத நாட்களில் மருத்துவமும் சம்பளத்தில் ஒரு பகுதியும் இதிலிருந்துதான் வரும். கோவளம், வர்க்கலா ரிசார்ட்டுகளில் சேருவதாக இருந்தால், வெளிநாட்டவர் வராத மாதங்களில் சம்பளம் முழுதாக வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைக் கொடு, இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போடு என்றால், நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

இனி துபாய். பத்தாம் வகுப்பு தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதிச் சோதனை கிடையாது. இதைப் பலர் வசதி என்று நினைக்கிறார்கள். அரசு பார்க்க வேண்டிய ஒப்பந்தத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 35,400. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரிப்பது நல்லது.

அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. அங்கிருந்து வரும் ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கேட்டு வாங்க முடியும், அரசு ஏற்றுக்கொண்டிருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. அதில் எழுதியுள்ள வேலை தெரபிஸ்ட்தானா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். விசிட் விசாவில் வா, போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பிப் போகக் கூடாது. அங்கே சிக்கல் வந்தால் புகார் சொல்லவும் உங்களிடம் காகிதம் இருக்காது. போகும் முன் சந்தேகம் கேட்க இந்திய அரசின் இலவச எண் 1800 11 3090.

என்னைக் கேட்டால் அந்தப் பெண் முதலில் உள்ளூர் மருத்துவமனையில் சேர வேண்டும் என்பேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த சிகிச்சையை, உடன் ஒருவர் நிற்க, அவசரமில்லாமல் இரண்டு ஆண்டு செய்யட்டும். வளைகுடாவில் அனுபவச் சான்றுக்கு மதிப்பு உண்டு, அப்போது போனால் 2,000 திர்ஹாமுக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமும் இருக்காது. வீட்டுக் கடன் நெருக்கி இப்போதே சென்னைக்குப் போயாக வேண்டிய நிலை இருக்கலாம். அப்படியானால், “நாளுக்கு நான்கு சிகிச்சைக்கு மேல் இல்லை, அப்யங்கத்துக்கு இருவர்” என்ற ஒரு வரியை ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். எழுதித் தந்தால் சேருங்கள்.