மாநகராட்சிப் பள்ளிகளும் நம் பிள்ளைகளும்

சென்ற ஜூன் மாதம் தாராவி தொண்ணூறடிச் சாலையில் நெல்லைப் பக்கத்து இளம் தம்பதியர் என்னை நிறுத்தினார்கள். "அண்ணாச்சி, பையனுக்கு ஆறு வயசாச்சு. முனிசிபாலிட்டி ஸ்கூல்ல தமிழ் இருக்காமே, சேக்கலாமா?" என்று கேட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இக்கட்டுரை.

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888ஆம் ஆண்டினது. தொடக்கக் கல்வி தருவது மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்று. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் அது பள்ளிகளை நடத்துகிறது. ஒரே கட்டடத்தில் பல மொழிப் பள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமையாசிரியர் உண்டு. இடம் போதாத இடங்களில் காலை, பிற்பகல் என இரண்டு ஷிப்டு. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு 1956 முதல் சொல்கிறது. ஆகவே இங்கே தமிழ் வகுப்பு நடப்பது யாரும் இடும் பிச்சை அல்ல, நம் உரிமை.

மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. மாதச் சம்பளக் குடும்பங்கள் அத்தகைய பள்ளிகளை நாடின. தாராவியில் தோல் கிடங்கில் கூலி வேலை பார்த்த என் தந்தைக்கு முனிசிபல் பள்ளிதான் கதி. ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன். எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பள்ளிக்கு மாறியபோது 'டிரையாங்கிள்' என்றார் ஆசிரியர். விழித்தேன். அவர் கரும்பலகையில் வரைந்ததும், "அட, நம்ம முக்கோணம்!" என்று மனம் துள்ளியது. சொல்தான் புதிது, கணக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வும் பெற்றேன்.

ஆனால் என் மகளை நான் ஆங்கிலப் பள்ளியில்தான் சேர்த்தேன். ஊரிலிருந்து அவள் ஆச்சி எழுதிய கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். ஆச்சி காலமாகிவிட்டார். கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஆகவே பிறருக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை.

இன்று முனிசிபல் பள்ளியைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2020இல் ஜோகேஸ்வரி பூனம் நகரிலும், அடுத்த ஆண்டு செம்பூர் அஜீஸ் பாக் உள்ளிட்ட இடங்களிலும் மாநகராட்சி சி.பி.எஸ்.இ. பள்ளிகளைத் தொடங்கியது. இடங்களை மிஞ்சி மனுக்கள் வந்ததால் குலுக்கல் நடத்தினார்கள். ஆனால் அவை ஆங்கிலப் பள்ளிகள். தமிழ்ப் பிரிவுகளிலோ பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் பெற்றோர் தயங்குவர். ரயில்வேயில் கிளைப் பாதைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பயணிகள் குறைந்ததால் வண்டியைக் குறைப்பார்கள். வண்டி குறைந்ததால் பயணிகள் மேலும் குறைவார்கள். கடைசியில் தண்டவாளத்தில் புல் முளைக்கும்.

புதிதாக வந்துள்ள குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 6 முதல் 14 வயது வரை கல்வி இலவசம். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ, பள்ளி திறந்து மாதங்கள் ஆகிவிட்டன என்றோ சேர்க்க மறுக்கக் கூடாது. சேர்க்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே தமிழ் எந்த வகுப்பு வரை? ஆசிரியர்கள் எத்தனை பேர்? அதற்கு மேல் பிள்ளை எங்கே போக வேண்டும்? ஆங்கிலப் பள்ளியே உங்கள் முடிவானால் அதில் தவறில்லை; தினமும் அரை மணி நேரம் வீட்டில் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

அந்தத் தம்பதியருடன் நானும் பள்ளிக்குப் போனேன். மூன்று கேள்விகளையும் கேட்டார்கள். யோசித்து, தமிழ்ப் பிரிவிலேயே சேர்த்தார்கள். பையனுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சிலேட்டோடு வருகிறான். ஓய்வு பெற்ற நண்பர்களே, உங்கள் தெருவிலும் ஒரு பையன் இருப்பான்.